மந்திரியை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவது

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை கடலோடு சதுரங்கம் ஆட வேண்டும். வெள்ளைக் காய்கள் ஊருக்கு, கறுப்புக் காய்கள் கடலுக்கு. கடலுக்கு மிக அருகில் யாருடைய வீடு இருக்கிறதோ அவர்தான் ஆட வேண்டும். தோற்றால் அவருடைய தெரு கடலுக்குப் போய்விடும். ஜெயித்தால், கடைசியாகப் போன தெரு திரும்பி வரும்.

ஒரே ஒரு முறை அப்படித் திரும்பி வந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. வலைக்காரத் தெரு ஒரு வருடம் முழுக்கக் கடலுக்குள் இருந்துவிட்டு ஒரு காலையில் வந்து நின்றதாம். கொடியில் கிடந்த துணிகள் காய்ந்திருந்தனவாம். ஒரு வீட்டு அடுப்பில் பால் பொங்கி வர, வீட்டுக்காரி ஓடிப்போய் இறக்கினாளாம். அதன் பிறகு எங்கள் ஊரில் யாரும் ஜெயிப்பதற்கு அல்லாமல் வேறு எதற்கும் ஆடியதில்லை. பாய்ந்து பாய்ந்து ஆடுவார்கள். பிறகு தோற்பார்கள்.

இந்த ஆண்டு முதல் வீடு என்னுடையது. ஐஸ் கம்பெனித் தெருவின் முனை வீடு. காலை எட்டு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் வந்து அரிசி டின் மேல் உட்காரும். ஒன்பதரைக்கு எழுந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பதற்கு எனக்கு அந்த வீடு வேண்டும். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

விதியில் ஒரு சலுகை உண்டு. ஆட விரும்பாதவர் வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். என் கணவர் சிதம்பரநாதனுக்கு அப்படி மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர் மூன்று ஆண்டுகள் ஆடி மூன்று தெருக்களைத் தோற்றார். ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு அழகாகத் தோற்றார். முதல் வாரத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுப்பார். அடுத்து குதிரை. அடுத்து யானை. மடங்காத சுண்டு விரலை நீட்டிக்கொண்டு காயைத் தூக்கி அவர் எதிரியின் வாயில் வைக்கும்போது கரையில் நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். போன ஆண்டு தபாலாபீஸ் தெருவைத் தோற்ற ஆட்டத்தில் ராணியையே கொடுத்தார். அதை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அந்த ஆட்டம் முடிந்ததும் வழக்கப்படி கடலுக்குக் கைகொடுக்கப் போனார். இடது கையில் குடை இருந்தது. வலது கையை நீட்டினார். கடல் பிடித்துக்கொண்டது. விடவில்லை. பேரூராட்சி எழுத்தர் லூர்துராஜ் ஆட்டப் பதிவேட்டில் ‘கைகுலுக்கல் முடிவடையவில்லை’ என்று எழுதினார். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.

கார்த்திகை மாதம் தங்கப்பழம் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். என் கணவர் ஆடிய ஆட்டங்களில் ஒரு நாள் தவறாமல் கரையில் நின்றவர். அவருடைய அப்பாவின் பலசரக்குக் கடை தபாலாபீஸ் தெருவில் இருந்தது. இப்போது அங்கே மீன்கள் போய் வருகின்றன. கையில் எழுதிக் கொடுப்பதற்கான தாளைக் கொண்டுவந்திருந்தார். பேனாவும் அவரே கொண்டுவந்தார்.

“ஒரு கையெழுத்துப் போடுங்க மதினி. நான் ஆடுதேன். அண்ணாச்சி பக்கத்துலயே நின்னு பாத்தவன்லா. ரெண்டு குதிரையத் தூக்கிப் போட்டா பத்தே நாள்ல ஜெயிச்சிரலாம்.”

“ரெண்டு குதிரையைத் தூக்கிப் போட்டுத்தானே தெரு போச்சு?”

“போனா என்ன, எம்புட்டு அழகாப் போச்சு! தெரு வரும் மதினி. எங்கப்பா கடை வரும். அண்ணாச்சியும் அந்தத் தெருவோடதான வருவாரு?”

அதை நானும் யோசித்திருக்கிறேன். தெரு வந்தால் அதோடு சேர்ந்து குடையைப் பிடித்தபடி அவரும் வருவார் என்பது சரியான கணக்காகவே பட்டது. ஆனால் தோற்றால் அரிசி டின்னும் வெயிலும் போகும். நான் தங்கப்பழத்துக்குக் காபி கொடுத்தேன். தாளை மடித்து அவரிடமே தந்தேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, பேனாவை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பிலோமினாவைப் பார்க்கப் போனேன்.

பிலோமினா துறைமுக அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கடல் ஏறும் நேரத்தையும் வடியும் நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தவள். இடைப்பட்ட நேரத்தில் ஒரு புத்தகத்தை வைத்துச் சதுரங்கம் படித்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். தனியாக இருக்கிறாள். கடலைப் பற்றி அவள் வியந்து பேசி நான் கேட்டதில்லை. கூட வேலை பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவாள்.

“ஜெயிக்கணுமாக்கா, வீடு இருக்கணுமா?” என்று கேட்டாள்.

“வீடு இருக்கணும்.”

“அப்ப ஒண்ணு இருக்கு. சத்தம் இல்லாத ஆட்டம். பேரு லண்டன். பேருதான் அப்படி, குணமெல்லாம் சாயந்திரம் ஆனா விளக்கேத்திட்டு உள்ள உக்காந்துக்கிடுத குணம். கடல் என்ன செஞ்சாலும் நீங்க செய்யறது ஒண்ணுதான். வீடு கட்டறது.”

எங்கள் ஊரில் வீட்டில் சதுரங்கக் காய்கள் வைத்திருக்கக் கூடாது. கடலுக்குத் தெரிந்துவிடும். எனவே பிலோமினா தன் அண்ணன் விட்டுப் போன கட்டம் போட்ட கைலிச் சாரத்தைத் தரையில் விரித்தாள். இருவருடைய மருந்துகளையும் அதன் மேல் இரண்டு அணியாக அடுக்கினோம். இருமல் மருந்து பாட்டில் ராஜா. தைலப் பாட்டில் ராணி. மாத்திரை டப்பாக்கள் யானைகள், கண் சொட்டு மருந்துகள் குதிரைகள், தலைவலித் தைல டப்பிகள் மந்திரிகள். சிப்பாய்களுக்குத் தனித்தனி மாத்திரைகள். எதிர்ப்பக்கம் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தாள். அது கடல்.

சாரத்தில் கறுப்பும் வெள்ளையும் கிடையாது. நீலமும் அதைவிடக் கொஞ்சம் நீலமும்தான். அதனால் மந்திரி குறுக்கே போகும் வழியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. குதிரை எனக்கு உடனே புரிந்தது. இரண்டு அடி போய்த் திரும்பி நிற்பது எனக்கும் வழக்கம்தான். எதற்கு வந்தோம் என்று அப்போதுதான் யோசிப்பேன்.

பாடம் எளிமையாகத்தான் இருந்தது. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போக வேண்டும். அதனால் திறக்கும் வழியில் ராணியின் பக்கத்து மந்திரி வெளியே போக வேண்டும். அவர் போன பிறகு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்து அந்த வழியை மூட வேண்டும். பிறகு மறு பக்கத்திலும் ஒரு சிப்பாய் ஒரு கட்டம். உச்சியில் ஒன்று, இரண்டு சரிவிலும் ஒவ்வொன்று. பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரை போல இருந்தது. அதன் கீழே மற்றவர்கள் வந்து சேர்வார்கள்.

நான் ஒவ்வொரு முறையும் ஒரே தவறைச் செய்தேன். மந்திரி போகும் முன்பே ராஜாவின் சிப்பாயை நகர்த்திவிடுவேன். தைல டப்பி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

“அவசரப்படாதீங்கக்கா. முதல்ல மந்திரி. அவர வெளிய விட்டுட்டுக் கதவச் சாத்துங்க.”

“எனக்குக் கதவைச் சாத்தித்தான் பழக்கம்.”

“சாத்துங்க. யாரு வேண்டாம்னா? ஆள் வெளிய போனப்புறம் சாத்துங்க.”

“வெளியே போனவர் எப்படி வருவார்?”

பிலோமினா வலது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அதன் பின்னால் சின்னதாக ஒரு சந்து உண்டாயிற்று.

“இப்படி. திரும்பி வந்தா நிக்கதுக்கு ஒரு இடம். இதையும் மறக்கக் கூடாது” என்றாள்.

பன்னிரண்டரை மணிக்கு அவள் ஒரு சிப்பாயையும் நான் ஒரு சிப்பாயையும் விழுங்க வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்கு முந்திய மாத்திரை. அந்தச் சிப்பாய்களை வெட்டுப்பட்டதாகவே வைத்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தை ஆடுவோம். இரத்த அழுத்தம் அதிகமாக இருக்கும் நாட்களில் என் அணி மெலிந்துவிடும். அப்படியும் கூரை நின்றது. அதுதான் எனக்கு ஆச்சரியம் இல்லாத ஒரு மகிழ்ச்சியைத் தந்தது. எழுபத்து மூன்று வயதில் ஒரு பொருள் ஏன் விழாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நன்றாகவே இருந்தது. தெருவில் நடக்கும்போது வீடுகளைப் பார்த்துக்கொண்டு போவேன். எந்த வீட்டில் மந்திரி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஜன்னலைப் பார்த்தாலே தெரிய ஆரம்பித்தது.

மாசி முதல் தேதி ஆட்டம் தொடங்கியது. கரையில் சிமென்ட் மேடை இருக்கிறது, அதில் அறுபத்து நான்கு கட்டங்கள். லூர்துராஜ் வெள்ளைக் காய்களைச் சாக்குப் பையில் கொண்டுவந்து அடுக்கினார். கறுப்புக் காய்களைக் கடல் முந்தின ஏற்றத்திலேயே அடுக்கி வைத்திருந்தது. சிப்பி ஒட்டிய பழைய காய்கள். ஒரு குதிரைக்குக் காது இல்லை. பகலில் தண்ணீர் வடியும்போது நாங்கள் ஒரு காய் நகர்த்துவோம். தண்ணீர் ஏறும்போது கடல் ஒரு காய் நகர்த்தும். ஒரு நாளைக்கு ஒன்று. கடல் ஏமாற்றாது. ஒரு வருடம் ஒரு நண்டு சிப்பாயை இழுத்துக்கொண்டு போனபோது கடலே அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது.

முதல் நாள் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தேன். இரண்டாம் நாள் மந்திரியை வெளியே விட்டேன். மூன்றாம் நாள் கதவைச் சாத்தினேன். நான்காம் நாள் கூரை முடிந்தது. ஐந்தாம் நாள் குதிரையைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன்.

முதல் நாள் இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் நாற்பது பேர் இருந்தார்கள். வேர்க்கடலை விற்கிறவர் வண்டியைப் பேருந்து நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“என்ன மதினி, இப்படிப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கிய?” என்றார் தங்கப்பழம். “இது ஆட்டமா, காவல் வேலையா? அண்ணாச்சி இருந்தா இந்நேரம் ஒரு யானை போயிருக்கும்.”

“யானை இருக்கட்டும் தம்பி.”

“இருந்து என்ன செய்யும்?”

“இருக்கும்” என்றேன்.

அன்றைய ஏற்றத்தில் கடலின் ராணி வெளியே வந்தது. என் இடது ஓரத்திலிருந்து இரண்டாவதாக நின்ற சிப்பாயை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சிப்பாய்க்கு அடுத்து மூலையில் யானை. பிலோமினா இதை முன்பே சொல்லியிருந்தாள். நான் என் ராணியைக் கொண்டுபோய் அதற்கு நேரே நிறுத்தினேன். கடல் ஒரு சிப்பாயைத் தள்ளி என் ராணியை விரட்டியது. ராணி ஒரு கட்டம் பின்வாங்கி, அங்கிருந்தே அந்தச் சிப்பாயைக் காத்துக்கொண்டு நின்றாள். அதுவரை எல்லாம் சாரத்தின் மேல் நடந்தபடியே நடந்தது.

ஏழாம் நாள் ஏற்றம் வடிந்த பிறகு மேடைக்குப் போனோம். கடலின் மந்திரி என் ராணிக்கு எதிரே, குறுக்கே மூன்று கட்டம் தள்ளி வந்து நின்றிருந்தது. அதற்குக் காவல் எதுவும் இல்லை. வெட்டிக்கொள் என்று நின்றது. அதன் பக்கத்தில், மேடையின் ஓரத்தில், ஒரு குடை சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கறுப்புத் துணியில் வெள்ளை பெயின்டால் ‘சி.நா.’ என்று எழுதியிருந்தது. குடை நனையாமல் இருந்தது.

அதற்குள் ஊருக்குள் செய்தி போய்விட்டது. மீண்டும் இருநூறு பேர் வந்தார்கள். கடலை வண்டியும் திரும்பி வந்தது.

“தூக்குங்க மதினி!” தங்கப்பழம் கையைப் பிசைந்தார். “சும்மா நிக்கி. ஒரு மந்திரி கூட வந்தா ஆட்டம் நம்ம கையில. தெரு வந்துரும். குடையே வந்துட்டுல்லா, ஆள் வர எம்புட்டு நேரம்?”

“எழுத்தர் ஐயா, குடை யாருக்கு?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

லூர்துராஜ் பதிவேட்டைப் புரட்டினார். “எதிர்த்தரப்பு கொடுக்கிற காயை எடுத்தா, அதோட வந்ததையும் எடுத்துக்கிடலாம். எடுக்காட்டா எடுக்கக் கூடாது” என்று படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “தண்ணி ஏற நாலு மணி நேரம் இருக்கும்மா. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க.”

வீட்டுக்குப் போனேன். வெயில் அரிசி டின்னை விட்டுப் போயிருந்தது. பிலோமினா சாரத்தை விரித்து மருந்துகளை அதே போல அடுக்கினாள். நான் ராணியைத் தூக்கி மந்திரியை வெட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு டம்ளர் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் என் ராணி வீட்டை விட்டு வெகு தூரம் போயிருந்தாள். இடது பக்கத்துச் சிப்பாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடலின் ராணி அதை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். மூலையில் நிற்கும் யானைக்குப் போக வழி கிடையாது. யானைக்குப் பின் கூரை. கூரைக்குப் பின் வீடு.

இப்படிக் கொடுக்கிற ஆளை எனக்குத் தெரியும் என்று அப்போது தோன்றியது. தோற்றவர்களிடமிருந்து கடல் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் என்று பிலோமினா ஒரு முறை சொல்லியிருந்தாள்.

பாளையங்கோட்டையில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐப்பசியில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு குடையை என் கையில் வைத்துவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் மழையில் நின்றுகொண்டார். நனைந்துகொண்டே நின்றார். குடை என்னிடம் இருந்தது. நான் என்ன செய்ய முடியும்? கிட்டே போனேன். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஐம்பது வருடம் நன்றாகத்தான் போயிற்று. முதலில் ஒன்றைக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் தாங்களாகவே எழுந்து அவர் பக்கம் போவார்கள். போன பிறகுதான் தங்கள் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவு வரும்.

“பிலோமினா, இதுக்கு உன் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“ஒரு கட்டம் பின்னால” என்றாள்.

கரைக்குப் போனேன். தண்ணீர் மேடையின் முதல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குடையைப் பார்த்தேன். கைப்பிடியில் நான் சுற்றிக் கொடுத்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. ராணியை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தேன். அது இரண்டாம் நாள் மந்திரி புறப்பட்டுப் போன இடம். அது வரைக்கும் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தாலும் ராணிக்கு அந்தச் சிப்பாய் தெரியும். வெளியே போன மந்திரி நிற்கும் திசையும் தெரியும்.

கரையில் யாரும் விசில் அடிக்கவில்லை. ஒரு பெண் கடலைத் தோலை ஊதினாள். தங்கப்பழம் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீங்க ராணியா மதினி, இல்ல மாசாமாசம் மீட்டர் பாக்க வாறவுகளா?”

அன்று ஏற்றத்தில் கடல் வெகு நேரம் எடுத்துக்கொண்டது. காலையில் குடை இல்லை. மந்திரி மட்டும் வெட்டப்படாமல் அங்கேயே நின்றது. கொஞ்சம் கூச்சப்பட்டது போல எனக்குப் பட்டது.

அதன் பிறகு நடந்தவற்றைச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பதாம் நாள் வலது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிச் சந்து உண்டாக்கினேன். ராஜா மூலைக்குப் போய் உட்கார்ந்தார். சிப்பாய்கள் ஒன்றுக்கு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. குதிரைகள் குதிரைகளோடு போயின. ராணிகள் ஒரு பகலில் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு பலகையை விட்டு இறங்கின. கூட்டம் கரைந்து பிலோமினாவும் லூர்துராஜும் தங்கப்பழமும் மட்டும் மிஞ்சினார்கள். தங்கப்பழம் ஏன் வருகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் மேடையைக் குறுகுறுவென்று பார்த்துவிட்டு, “ஒண்ணும் நடக்கல, ஆனா என்னமோ நடக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

கடல் என் கூரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தது. ஒரு நாள் இந்தப் பக்கம் தட்டும், ஒரு நாள் அந்தப் பக்கம். கோபமாகத் தட்டியதாகத் தெரியவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தட்டுவது போல இருந்தது. எனக்கும் வெளியே யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் திறக்கவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் என் மந்திரி திரும்பி வந்து சந்தில் நின்றார். கடலின் யானை ஒரு கட்டம் நகர்ந்தது. மறுநாள் மந்திரி வெளியே எட்டிப் பார்த்தார். யானை பழைய இடத்துக்குப் போயிற்று. மந்திரி வந்தார். யானை நகர்ந்தது. மந்திரி போனார். யானை திரும்பியது. வேறு காய் எதுவும் அசையத் தேவைப்படவில்லை. மந்திரி மூன்றாம் முறை சந்துக்கு வந்து, யானையும் மூன்றாம் முறை அதே கட்டத்தில் நின்றபோது, லூர்துராஜ் பழைய பக்கங்களோடு ஒத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் யாருக்கும் வெற்றி இல்லை என்பது ஆட்ட விதி. அதனால் ‘சமன்’ என்று எழுதினார். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் எந்த ஆட்டத்துக்கும் அந்தச் சொல்லை அதுவரை எழுதியதில்லை. எழுத்துக்கூட்டி எழுத வேண்டியிருந்தது.

“சமன்னா என்ன? தெரு வருமா?” என்றார் தங்கப்பழம்.

“வராது” என்றேன்.

“போகுமா?”

“போகாது.”

“அப்ப இத்தன நாளா என்ன நடந்துச்சு?”

“இத்தனை நாள் நடந்தது தம்பி.”

அவர் முக்காலியை எடுத்துக்கொண்டு தெருவைத் திரும்பிப் பார்த்தார். என் வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்தது, நாலாவதாக அவருடைய வீடு. வாசலில் அவர் மனைவி வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். “நாளைக்கும் வற்றல் காயப் போடலாங்கிய” என்றார். ஆமாம் என்றேன். அவர் தபாலாபீஸ் தெரு இருந்த திசையில் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் வற்றலைக் காக்கை கொத்துகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

கைகொடுக்க வேண்டியது பாக்கி இருந்தது. பிலோமினா சாரத்தின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறு முனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். “இழுத்தா இழுப்பேன். வெக்கப்படாதீங்க” என்றாள். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கையை நீட்டினேன்.

கடல் கையைப் பிடித்தது. கை குளிர்ச்சியாக இருந்தது. என் விரல்களைச் சுற்றி அதன் விரல்கள் மடங்கின. ஒன்று மட்டும் மடங்கவில்லை. நீட்டிக்கொண்டு நின்றது. சுண்டு விரல். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கடலும் இழுக்கவில்லை. வழக்கமான கைகுலுக்கலைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகியிருக்கும். பிறகு கடல் விட்டது. லூர்துராஜ் ‘கைகுலுக்கல் முடிவடைந்தது’ என்று எழுதினார்.

பதிவேட்டை மூடப் போனவர் நின்றார். கடைசி இரண்டு பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரிக்க இதுவரை யாருக்கும் தேவை ஏற்பட்டதில்லை. நகத்தால் மெதுவாகப் பிரித்துப் படித்தார். “ஆட்டம் சமன் ஆகும் பட்சத்தில் அடுத்த ஆண்டு வெள்ளைக் காய்கள் எதிர்த்தரப்புக்கு. வெள்ளை ஆடுபவர் ஊருக்குள் யாரிடம் வேண்டுமானாலும் பாடம் கேட்கலாம். மறுக்கக் கூடாது.” ஊதி ஊதி அந்தப் பக்கத்தைக் காய வைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெயில் வந்து அரிசி டின் மேல் உட்கார்ந்தது. நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. கடல் வந்திருந்தது. வாசற்படிக்குக் கீழேயே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பது போல ஒரு முறை படியைத் தொட்டது. கதவைத் திறந்தேன். அது குடையை மடக்கி, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டியது. ஆணி எங்கே என்று என்னைக் கேட்கவில்லை.

பிலோமினா ஒன்பது மணிக்கு வந்தாள். கடலைப் பார்த்தாள். “வந்தாச்சா? நல்லது, அரிசி டின் பக்கம் மட்டும் போக வேண்டாம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுச் சாரத்தை விரித்தாள். மருந்துகளை அடுக்கினோம். டம்ளர் தேவைப்படவில்லை. வெள்ளைப் பக்கத்தில் கடல் உட்கார்ந்தது. நான் எதிரே உட்கார்ந்து முதல் பாடத்தைச் சொன்னேன். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம். அதை ஒழுங்காகச் செய்தது. அடுத்தபடி நான் சொல்வதற்குள் ராஜாவின் சிப்பாயை எடுத்து ஒரு கட்டம் வைத்துவிட்டது. தைல டப்பி உள்ளே மாட்டிக்கொண்டது.

“அவசரப்படாதீங்க. முதல்ல மந்திரி” என்றேன்.

கடல் மாத்திரையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, சாரத்தின் ஓரத்தை நனைக்காமல் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது.